நான்கு பக்கச் செய்தி மடலும் ஒரு பச்சைப் பதிவேடும்: எங்கள் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகச் சேவை குறித்து

2025 தீபாவளி முடிந்த வாரத்தில் நாளிதழுக்குள் செருகப்பட்டு எங்கள் தெருவுக்கு ஒரு செய்தி மடல் வந்தது. நான்கு பக்கம், வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் பாதியைச் சட்டமன்ற உறுப்பினரின் படம் எடுத்துக்கொண்டது போக, மீதியில் தொகுதி நிலவரமும், உள்பக்கங்களில் அரசின் உதவித் திட்டங்களும், கடைசிப் பக்கத்தின் அடியில் அலுவலக முகவரியும் வாட்ஸ்அப் எண்ணும் அச்சாகியிருந்தன. மூன்று மாதத்திற்கு ஒன்று என்று அறிவித்து 2024 தொடக்கத்திலிருந்து வெளியிடுகிறார்கள்; நடுவில் ஒரு முறை தவறியது, ஆகவே இது ஏழாவது. ஏழையும் எடுத்து வைத்திருக்கிறேன். அஞ்சல் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவனுக்கு வந்த தாளைத் தூக்கிப்போட மனம் வராது.

மடலைப் பற்றியும், அது போகச் சொல்லும் அலுவலகத்தைப் பற்றியும் ஒரு பயனாளியாகவே எழுதுகிறேன். உறுப்பினரின் பெயரையோ கட்சியையோ குறிப்பிடப்போவதில்லை. குறிப்பிட்டால் படிப்பவர்களில் பாதிப் பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். காவிரிப் படுகையில் ஒரு கிராமப்புறத் தொகுதி என்பது போதும்.

இந்தச் சேவை இன்று ஏன் இத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்தல் நடக்காததால், இதை எழுதும் 2025 நவம்பரில் ஊராட்சிகள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் பொறுப்பில் இருக்கின்றன. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும், முன்பு தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காரலாம், ஏசலாம், அவரும் பதில் சொல்லியாக வேண்டும். இப்போது அந்தத் திண்ணை இல்லை. வார்டு உறுப்பினரும் இல்லை, ஒன்றியக் கவுன்சிலரும் இல்லை; வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் என்று எட்டும் தூரத்தில் மிஞ்சியிருப்பவர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே. சாக்கடை அடைப்பு முதல் சாதிச் சான்றிதழ் வரை எல்லாம் அவருடைய அலுவலகத்து மேசைக்குத்தான் போகிறது.

ஏழாவது மடலில் என்னை வியக்கவைத்தது குறுவை நெல் கொள்முதல் பற்றிய பக்கம். கடந்த அக்டோபர் மழையில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலிலும் சாலையோரத்திலும் நெல் குவிந்து கிடந்து, சில இடங்களில் முளைவிட்டதையும் படுகையில் இருப்பவர்கள் கண்ணால் பார்த்தோம். மடலில் அதை மூடி மறைக்கவில்லை. இந்தப் பருவத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து ஒரு குவிண்டாலுக்குச் சன்னரகத்திற்கு 2,545 ரூபாய், சாதாரண ரகத்திற்கு 2,500 ரூபாய் என்ற விலையை முதலில் கொடுத்துவிட்டு, தொகுதிக்குள் எந்தெந்த ஊரில் நிலையம் திறந்திருக்கிறது என்று ஊர்ப் பெயர்களை வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போனால் வாங்கக் கூடாது என்ற வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உண்டு என்றும், 22 விழுக்காடு வரை அனுமதிக்கும்படி மாநில அரசு கேட்டிருக்கிறது என்றும், மாதிரி எடுக்க ஒன்றியக் குழு வருகிறது என்றும், அதற்குமேல் இது தன் கையில் இல்லை என்றும் வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற வழக்கமான வாக்கியத்தை விட்டுவிட்டு, முடிவு யாரிடம் இருக்கிறது என்று ஓர் அரசியல்வாதியின் பெயரில் வெளியான தாள் சொல்வதை நான் முதல் முறையாகப் படித்தேன்.

ஆனால் அந்தப் பக்கத்திலும் ஒரு பெரிய ஓட்டை. நெல் தேங்கியதற்கு ஈரம் மட்டுமே காரணமன்று. ஏற்கெனவே எடைபோட்டுச் சாக்கில் பிடித்த மூட்டைகளை ஏற்றிப்போக லாரி வராததால் நிலையத்தில் இடமில்லாமல் போயிற்று. இடமில்லாததால் புது நெல்லை எடைபோடவில்லை. எடைபோடாததால் களத்தில் கிடந்த நெல் நனைந்தது. நனைந்ததால் ஈரப்பதம் கூடியது. எங்கள் ஊர் நிலையத்தில் வரிசையில் நின்ற எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். லாரி இயக்கம் ஒன்றிய அரசின் பொறுப்பு அன்று, அதனாலோ என்னவோ மடலில் அதற்கு ஒரு வரியும் இல்லை. அடுத்தவர் கையில் இருப்பதைத் தெளிவாகச் சொல்கிறவர்கள், தம் பக்கத்தில் இருப்பதையும் அதே தெளிவோடு சொல்லியிருந்தால் அந்தப் பக்கத்தை முழு மனதோடு பாராட்டியிருப்பேன்.

உதவித் திட்டங்களுக்கான இரண்டு உள்பக்கங்களின் தரம் ஒரே சீராக இல்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் பெற, குடும்பத் தலைவிக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் என்றால் 5 ஏக்கரும் புன்செய் என்றால் 10 ஏக்கரும் தாண்டக் கூடாது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புகளைப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பங்களுக்கு இந்த ஆண்டு விலக்கு அளிக்கப்பட்ட செய்தியும் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மருமகளுக்கு 2023-இல் விண்ணப்பம் தள்ளுபடியானதற்குக் காரணம் இந்தக் கட்டத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஒரே ஓட்டு வீட்டில் மூன்று அடுப்பு. மூன்று குடும்ப அட்டை. மாமனார் பெயரில் ஒரே மின் இணைப்பு. மூன்று குடும்பத்தின் மின்விசிறியும் ஒரே மீட்டரில் சுற்றினால் 3,600 யூனிட் எங்கே நிற்கும்? ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம் எங்கள் பகுதிக்கு வந்தபோது அந்தப் பெண் இதை விளக்கி மீண்டும் மனு கொடுத்திருக்கிறாள். முகாம் மனுக்களுக்கு 45 நாளில் தீர்வு என்று அறிவித்திருந்தார்கள். நான் எழுதும் இந்த நவம்பர் மூன்றாம் வாரம் வரை அவளுக்குப் பதில் வரவில்லை.

மருத்துவக் காப்பீட்டுப் பகுதியில் மன்னிக்க முடியாத பிழை ஒன்று இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது பழைய வரம்பு. இப்போதைய வரம்பு 1,20,000 ரூபாய். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பழைய துண்டறிக்கை ஒன்றிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்பது என் ஊகம். விலையில் ஒரு ரூபாய் தவறாகப் போட்ட பலசரக்குக் கடைப் பட்டியல் போன்றதன்று இது. ஆண்டுக்கு 90,000 சம்பாதிக்கும் ஒரு தச்சர் இதைப் படித்துவிட்டு ‘நமக்கு இல்லை’ என்று தாளை மடித்து வைத்துவிட்டால், நாளை அறுவை சிகிச்சைக்கு நகையை அடகு வைப்பார். தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்; அடுத்த மடலில் திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் அன்றைக்கே ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பத்துச் செய்திகளில் எட்டு, திறப்பு விழாப் படமும் திருமண வாழ்த்தும். மழை நாட்களில் வரும் எச்சரிக்கையும், நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வீட்டுக்கு வரும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரே படிவத்தை இரண்டு பிரதிகளாகத் தருவார், ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று வந்த குரல் பதிவும் மற்ற இரண்டில் சேரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தக் குரல் பதிவு மடலின் நான்கு பக்கத்தைவிட அதிகம் உதவியது.

இனி அலுவலகம். மடலை மட்டும் படித்து இந்தச் சேவையை மதிப்பிட்டிருந்தால் பாதிக்குப் பாதி மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் என் அக்காவுக்காக இந்த ஆண்டில் நான்கைந்து முறை அங்கே போய் உட்கார வேண்டியிருந்தது.

அக்காவுக்கு 68 வயது. கணவர் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன, தனியாக இருக்கிறார். முதியோர் ஓய்வூதியத்துக்கு இருமுறை விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் ‘ஆன்லைனில் பாருங்கள்’ என்றார்கள். ஆன்லைனில் பார்த்தால் ‘நிராகரிக்கப்பட்டது’ என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. மடலில் இந்தத் திட்டத்துக்குக் கீழே ‘உரிய ஆவணங்களுடன் எமது அலுவலகத்தை அணுகவும்’ என்று இருந்ததால் போனேன். எவை உரிய ஆவணங்கள் என்று எந்த மடலிலும் சொன்னதில்லை, ஆகவே வீட்டிலிருந்த எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பொதுப்பணித் துறை கட்டிய சிறிய கட்டடம். முன்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மின்விசிறி, இடப்பக்கம் இ-சேவைக்கான கணினி. வலப்பக்க மேசையில் முப்பது வயதுக்குள் இருக்கும் உதவியாளர் ஒருவர், பச்சைத் துணி அட்டை போட்ட நீளப் பதிவேட்டை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வருபவரின் பெயர், ஊர், கைப்பேசி எண், கோரிக்கை, எந்த அலுவலருக்கு அனுப்பியது, என்றைக்கு அனுப்பியது என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘நிலை’, அதில் மட்டும் சிவப்பு மை. நாங்கள் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலுக்கு வைத்திருந்த ஏடு நினைவுக்கு வந்தது. மனுவை வாங்கிக்கொண்டு, பதிவேட்டு எண்ணை ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அவர் செய்த முதல் வேலை, ஆதார் அட்டையையும் குடும்ப அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பிறகு பேனா முனையால் மூன்றிலும் பெயரைத் தொட்டுக் காட்டினார். ஆதாரில் அக்காவின் பெயருக்கு முன்னால் எங்கள் அப்பாவின் தலைப்பெழுத்து. குடும்ப அட்டையில் அத்தானின் தலைப்பெழுத்து. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்தே இல்லை. “இதுல மூணு பேரு இருக்காங்க ஐயா, அவங்க ஒருத்தர்தான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது” என்றார். திருமணத்துக்கு முன் ஒரு தலைப்பெழுத்தும் பின் ஒரு தலைப்பெழுத்துமாக வாழும் நம் ஊர்ப் பெண்களில் எத்தனை பேர் இந்த ஓர் எழுத்தில் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஆதாரைத் திருத்தி, அதன்பின் வங்கியில் திருத்தி, புதிதாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, வட்டாட்சியர் ஆணை வர நான்கு மாதமாயிற்று. இதற்கிடையில் ‘எம்.எல்.ஏ. லெட்டர் கொடுத்தால் உடனே முடியும்’ என்று பலர் சொன்னார்கள். உதவியாளரிடம் கேட்டதற்கு, வேண்டுமானால் பரிந்துரைக் கடிதம் தருவதாகவும், ஆனால் ஓய்வூதியத்தை அனுமதிப்பவர் வட்டாட்சியர் என்பதால் தாள் சரியாக இல்லாத மனுவுக்குக் கடிதத்தால் பயனில்லை என்றும், தாள் சரியாக இருக்கும் மனுவுக்குக் கடிதமே வேண்டாம் என்றும் சொன்னார். கடிதம் வாங்காமலே அக்டோபரில் அக்காவின் கணக்கில் 1,200 ரூபாய் ஏறியது.

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-இல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கியது. நான் பணியில் சேர்ந்த காலத்தில் அது மணியார்டராக வரும். தபால்காரர் வரும் நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு பாட்டிகள் காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். மைப்பெட்டியைத் திறந்து கட்டை விரலைப் பிடித்து உருட்டுவது எங்கள் வேலை. பெயரில் எழுத்து மாறினால் என்ன, ஆளைத் தெரியும், கொடுத்துவிடுவோம். அந்த முறையில் வேறு தில்லுமுல்லுகள் நடந்தன என்பதையும் மறைக்கப்போவதில்லை. ஆனாலும் ஆளைத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தார். இப்போது அந்த இடத்தைப் பச்சைப் பதிவேட்டுக்காரர் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பதிவேட்டின் பின்னட்டையின் உட்பக்கத்தில், விண்ணப்பங்கள் எந்தெந்தக் காரணத்தால் தள்ளுபடியாகின்றன என்று அவர் தம் கையெழுத்தில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருக்கிறார். தலைப்பெழுத்து மாற்றம், வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாதது, இறந்தவரின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்படாதது, பழைய கைப்பேசி எண். இந்தத் தொகுதியில் ஓய்வூதியத்துக்கோ உரிமைத் தொகைக்கோ விண்ணப்பிக்கும் ஒருவர் படிக்க வேண்டிய ஒரே பக்கம் அதுதான். இதை மடலில் போட்டால் என்ன என்று கேட்டேன். “படம் போக இடம் இருந்தாப் போடலாம் ஐயா” என்றார், சிரிக்காமல்.

மடலின் உண்மையான குறை அங்கே இருக்கிறது. என்ன கிடைக்கும் என்று சொல்கிறது. கொடுத்த மனு என்னவாயிற்று என்று சொல்வதில்லை. ஒவ்வொரு மடலிலும் அலுவலகத்துக்கு வந்த மனுக்களின் எண்ணிக்கை இருக்கிறது, தீர்ந்த மனுக்களின் எண்ணிக்கை ஏழு மடலிலும் இல்லை. சிவப்பு மைக் கட்டத்தைக் கூட்டினால் கிடைத்துவிடும் எண் அது. 2022 ஆகஸ்டில் ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக 234 உறுப்பினர்களிடமும் தொகுதியின் முதன்மையான 10 கோரிக்கைகளை முதலமைச்சர் கேட்டிருந்தார். எங்கள் தொகுதிக்கான பத்தையும் முதல் மடலில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். வாய்க்கால் பாலம் மூன்றாவது. அதற்குப்பின் வந்த ஆறு மடல்களில் அந்தப் பத்தில் எது நடந்தது, எது எந்த மேசையில் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. பாலம் இன்னும் வரவில்லை என்பது பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிப்போகும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்க்கான தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றிய பட்டியலிலும் இதே கதை: நிழற்குடைக்கு இவ்வளவு, வகுப்பறைக்கு இவ்வளவு என்று மதிப்பீடு இருக்கிறது, வேலை முடிந்த தேதி இல்லை.

உறுப்பினரை நேரில் பார்க்க விரும்புவோர் சனிக்கிழமை காலை வரலாம் என்று மடல் சொல்கிறது. மூன்று சனிக்கிழமை போனேன். ஒரு முறை பார்த்தேன், பொறுமையாகவே கேட்டார். மற்ற இரண்டு முறையும் காத்திருந்த முப்பது நாற்பது பேரிடம் பன்னிரண்டு மணிக்குத்தான் ‘இன்று வரமாட்டார்’ என்று சொன்னார்கள். வாழ்த்துப் படம் அனுப்பும் வாட்ஸ்அப்பில் அதைக் காலை ஏழு மணிக்கே சொல்லியிருந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள் வேலைக்காவது போயிருப்பார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமையைத் தவிருங்கள், செவ்வாய் அல்லது புதன் காலை பத்தரைக்குப் போனால் கூட்டம் குறைவு. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகலோடு மூலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வலப்பக்க மேசைக்குப் போங்கள்.

இன்னொன்றும் உண்டு. 2021-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றத்தின் காலம் 2026 மே 10-ஆம் தேதி வரைதான். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்து, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களைப் பூட்டி முத்திரையிடுவது வழக்கம். கடைசியாகப் போனபோது, அப்படிப் பூட்டினால் பதிவேடு எங்கே இருக்கும் என்று உதவியாளரிடம் கேட்டேன்.

“உள்ள அலமாரியிலதான் இருக்கும். நாங்க வெளிய இருப்போம்” என்றவர், அக்காவின் சீட்டை வாங்கி, எங்கள் பதிவேட்டு எண்ணுக்குக் கீழே இ-சேவை ஒப்புகை எண்ணையும் எழுதிக் கொடுத்தார். “இது மட்டும் எங்க வேணா வேலை செய்யும் ஐயா. எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க எல்லாரையும்.”

பக்கத்து வீட்டு மருமகளின் முகாம் ஒப்புகை எண்ணையும் சேர்த்து எங்கள் வீட்டு நாள்காட்டியின் பின்பக்கத்தில் இப்போது ஆறு எண்கள் இருக்கின்றன.